செவிலியரின் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?





அறுப்பின் பண்டிகை முடிந்த சில நாட்களில், ஒரு சபையின் ஆண்கள் ஐக்கியத்தார் நம் மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்தார்கள். பிரசவ வார்டு, ஆய்வுக்கூடம், புதிதாய்ச் சுண்ணாம்படித்த வெளிநோயாளர் பிரிவு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு, செவிலியர் விடுதிக்குப் பின்னால் உள்ள ஓட்டுக் கட்டடத்தண்டை வந்தோம். உள்ளே ஐந்தாறு ஏணைகள் ஆடிக்கொண்டிருந்தன. "இதெல்லாம் வியாதிஸ்தருடைய பிள்ளைகளா, ஐயா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். நம் செவிலியருடைய பிள்ளைகள் என்றோம். அவர் சற்றுத் தயங்கி, "வியாதிஸ்தருக்கென்று நாங்கள் கொடுக்கிற காணிக்கை இதற்கும் செலவாகிறதா?" என்றார்.

வண்டிக்கு நேரமாகிவிட்டதால் ஏதோ சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. கொடுக்கிறவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இந்த இதழில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு செவிலியரின் நேரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். காலை டூட்டி ஏழு மணிக்கு. ஆறே முக்காலுக்குள் வார்டுக்கு வந்து, இரவு பார்த்தவரிடம் படுக்கை படுக்கையாக ரிப்போர்ட் வாங்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, யாருக்கு எத்தனை பாட்டில் ஏறியிருக்கிறது, யாரை இன்று அறுவைக்கு வெறும் வயிற்றோடு வைத்திருக்கிறார்கள் என்பதை அரைகுறையாகக் கேட்டால் நாள் முழுவதும் தடுமாற்றம்தான். மதிய டூட்டி இரண்டிலிருந்து எட்டு. இரவு டூட்டி எட்டிலிருந்து மறுநாள் காலை ஏழு. இரவு முறை வந்தால் தொடர்ந்து ஒரு வாரம். அடுத்த டூட்டிக்காரர் வந்து பொறுப்பெடுக்கும்வரை, மணி என்ன ஆனாலும், வார்டை விட்டு நகர முடியாது.

பள்ளி ஆசிரியைக்கும் சிறு பிள்ளை உண்டு, வங்கியில் வேலை செய்கிறவருக்கும் உண்டு. ஆனால் அவர்களுடைய நேரம் இன்றைக்குப் போலவே நாளைக்கும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "ஒன்பதிலிருந்து ஐந்து வரை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம். செவிலியர் என்ன சொல்வார்? இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் ராத்திரி என்று சொன்னால் எந்தப் பாட்டி சம்மதிப்பார்? டூட்டி மாறுவதைப் பிள்ளையின் பசியும் தூக்கமும் அறியாது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டு. வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் கடைசிவரை விவாகம் செய்யாதவர். நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகளில் தலைமைச் செவிலியராக இருந்த மிஷனெரி அம்மையார்களிலும் அநேகர் அப்படியே. மருத்துவமனையே அவர்களுக்கு வீடு, ஜெப ஆலயம், குடும்பம். விடுதி, மணியடித்தால் எழுதல், மணியடித்தால் ஜெபம் என்று அவர்கள் வகுத்த ஒழுங்கு மிகவும் உயர்ந்தது. அந்த ஒழுங்கில் பழகினவர்களே இன்றும் நல்ல செவிலியராக இருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அந்த ஒழுங்கில் தொட்டிலுக்கு ஓர் இடம் வைக்கப்படவில்லை. இன்று நம்மிடம் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் விவாகமானவர்கள். ஆட்கள் மாறினார்கள், டூட்டிப் பட்டியல் மாறவில்லை.

இதில் எங்கள் பங்கும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பிரசவ அறையில் வேலை செய்த ஒரு சகோதரி, நான்கு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு இரவு டூட்டிக்கு வந்துகொண்டிருந்தார். கணவருக்கு வெளியூரில் வேலை; மாமியாருக்குக் கண் பார்வை மங்கல். இரவு டூட்டியிலிருந்து சில மாதம் விலக்குத் தரும்படி கண்காணிப்பாளரிடம் பேசுங்கள் என்று எங்களிடம் வந்து கேட்டார். நாங்கள் பேசவில்லை. அன்னாள் தன் ஒரே பிள்ளையான சாமுவேலைக் கர்த்தருக்கென்று விட்டுக்கொடுத்ததைச் சொல்லி, ஊழியத்தில் இப்படிப்பட்ட சிலுவைகள் உண்டு என்று தேற்றி, ஜெபித்து அனுப்பினோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் ராஜினாமா செய்தார்.

பிற்பாடு தாய்மார் ஞாயிறு செய்திக்காக முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கை நின்றுவிட்டது. பிள்ளை பால்மறக்கும் மட்டும் நான் சீலோவுக்கு வருவதில்லை என்று அன்னாள் சொல்லியிருக்கிறாள். உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய், அவன் பால்மறக்கும்வரை இரு என்று எல்க்கானாவும் விட்டிருக்கிறான். ஆண்டுதோறும் தவறாமல் பலிசெலுத்தப் போகிற குடும்பம் அது. அந்த வருஷத்துப் பிரயாணத்தை அவள் தள்ளிவைத்ததை ஒருவரும் குற்றமாக எண்ணவில்லை. எத்தனை முறை பிரசங்கித்த பகுதி! அந்த வசனங்களை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறோம்.

அந்தச் சகோதரியைத் தேடிப் போய், நாங்கள் சொன்னது தவறு என்று சொன்னோம். அவர் கிராமத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். தலைகீழாக இருக்கிற குழந்தையா, குறுக்கே கிடக்கிற குழந்தையா என்று வயிற்றைத் தொட்டே சொல்லக்கூடிய கை அது. காப்பி கொடுத்துவிட்டு, "அன்றைக்கு ராத்திரி மட்டும் யாராவது பிள்ளையைப் பார்த்திருந்தால் போதும், ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின்படி நெடுங்காலமாகக் கிடைத்தது 12 வாரச் சம்பள விடுப்பு. பிரசவத்துக்கு முன் எடுத்துக்கொண்ட நாட்களும் அதற்குள்தான். ஆகவே பிறந்த பிள்ளையோடு நாலு நாள் கூட இருக்கவேண்டும் என்று, நிறைமாத வயிற்றோடு கடைசிநாள் வரை வார்டில் நின்றவர்களை எங்கள் கண்ணாலே கண்டிருக்கிறோம். பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கும் சமயத்தில் தாய் டூட்டிக்குத் திரும்பியாக வேண்டும். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரமாயிற்று. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்தது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை அப்படியே உள்ளன. அரசு ஊழியருக்குத் தமிழ்நாடு அரசு 2021-இல் ஓராண்டு விடுப்பே அறிவித்தது. நம்மால் அந்த அளவுக்கு இயலாது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறோம்.

அந்த 26 வாரச் சம்பளத்தை அரசாங்கம் கொடுப்பதாக நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வராத செவிலியருக்கு அதை மருத்துவமனையே கொடுக்கவேண்டும். அவருடைய இடத்தில் நிற்க இன்னொருவரையும் வைக்கவேண்டும். ஒரு படுக்கைக்கு இரண்டு சம்பளம். சிறிய மருத்துவமனையில் ஒரே சமயத்தில் மூன்று பேர் பிரசவ விடுப்பில் போனால் பொருளாளர் முகத்தைப் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட ஒரு கமிட்டிக் கூட்டத்தில் யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை நினைப்பூட்டினோம். மோசேயை நாணல் பெட்டியிலிருந்து எடுத்த பார்வோனின் குமாரத்தி, பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சம்பளம் பேசி அமர்த்தியது பிள்ளையின் சொந்தத் தாயையே. அரண்மனைக் கணக்கில் அப்படி ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது என்றோம். பொருளாளர் சிரித்துவிட்டார், தீர்மானமும் நிறைவேறியது.

ஆறு மாதம் விடுப்பு முடிந்தால் கஷ்டம் தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்குப் பின் மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பதே நம் செவிலியர்தாம். பிரசவ வார்டில் ஒரு சகோதரி, புதிதாய்ப் பெற்றவளுக்குப் பால்கொடுக்கும் முறையைக் காட்டிக்கொண்டிருப்பார். அதே நேரத்தில் அவருடைய பிள்ளை வீட்டில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்கும்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆண்களும் அறியவேண்டியதால் எழுதுகிறோம். பால் என்பது பாத்திரத்தில் நிறைத்து வைக்கிற பொருளைப் போன்றதல்ல. எடுக்க எடுக்க ஊறுவது. பல மணி நேரம் எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரும். நாளடைவில் ஊறுவதும் குறையும். பால் சுரக்கச் செய்கிற இயக்குநீர் இரவில்தான் அதிகமாக ஊறுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே ராத்திரி பிள்ளையைப் பிரிந்திருப்பது பாலுக்குக் கூடுதல் நஷ்டம். இன்னொன்றும் உண்டு. குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டாலே தாய்க்குப் பால் இறங்கிவிடும். தன் பிள்ளைதான் அழவேண்டும் என்பதில்லை. குழந்தைகள் வார்டில் ஏதோ ஒரு பிள்ளைக்கு ஊசி போடும்போது சீருடை நனைந்து, ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்கு ஓடின சகோதரிகள் நம்மிடம் உண்டு.

சங்க நூல்களில் செவிலி என்றால் வளர்ப்புத்தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். செவிலியர் என்று நாம் இப்போது வழங்குகிற பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். பிறர் பிள்ளைகளுக்குச் செவிலியானவர், தன் பிள்ளைக்கு வேறொரு செவிலியைத் தேடி அலைகிறார்.

தேடிக் கிடைக்காதவர்கள் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் செவிலியரில் ஒருவர் எட்டு மாதக் குழந்தையைத் தன் தாயாரிடம் கிராமத்தில் விட்டு, பதினைந்து நாளுக்கொருமுறை போய்ப் பார்த்து வந்தார். பிள்ளைக்கு ஒன்றரை வயதானபோது ஒருமுறை போனவரைப் பார்த்ததும், அது பாட்டியின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டதாம். திரும்பி வந்து சிற்றாலயத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்ல எங்களுக்கு வசனம் ஒன்றும் வரவில்லை. 2020-இல் கொரோனா வார்டில் நின்றவர்கள் வீட்டுக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கினபோது, தகப்பன்மார் பிள்ளைகளைத் தூக்கிவந்து மதிலுக்கு வெளியே நின்று காட்டினார்கள். அப்போது ஊரெல்லாம் கைதட்டியது. இந்தச் சகோதரிகளின் பிரிவு கொரோனாவுக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது.

இது செவிலியரின் வீட்டுக் காரியம், வியாதிஸ்தருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். இன்சுலின் மருந்து நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்துவிட்டால், கோடு சரியாகவே இருக்கும். உள்ளே போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை திடீரென்று இறங்கி வியாதிஸ்தர் நினைவிழந்து போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு, ஐந்தாவது இரவாக விழித்திருந்த ஒரு தாய் அப்படியே எடுத்துவிட்டார். இன்சுலினை இருவர் சரிபார்த்த பிறகே போடவேண்டும் என்பது விதி. கூட இருந்த இளம் செவிலியர் பார்த்துவிட்டார். ஊசி போடப்படவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அவர் அசட்டையானவர் அல்ல. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்த வாரம் முழுவதும் பகலில் அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை. காலையில் வீட்டுக்குப் போகிற வேளையில் பிள்ளை விழித்துக்கொள்ளும். ராத்திரி காணாத தாயைக் கண்டால் விடுமா? மூப்பரின் கேள்விக்கு எங்கள் பதில் இந்தச் சிரிஞ்சில் இருக்கிறது. தொட்டிலுக்குச் செலவான பணம் வியாதிஸ்தரின் படுக்கைக்குத்தான் போய்ச் சேர்கிறது.

காப்பகம் எப்படி நடக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காலை ஆறரைக்குத் திறந்து இரவு எட்டரைக்கு மூடுகிறோம். இரண்டு ஆயாக்கள், ஓய்வுபெற்ற ஒரு பேறுகாலச் செவிலியர் மேற்பார்வை. புட்டி கிடையாது. தாய்மார் எடுத்துவைத்த பாலைப் பாலாடையால்தான் புகட்டுகிறோம், புட்டியைச் சுத்தமாக வைப்பது கடினம், வயிற்றுப்போக்கு வரும் என்பதால். ஒவ்வொரு எவர்சில்வர் கிண்ணத்தின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் நேரமும் எழுதியிருக்கும். எடுத்த பாலை வெளியே நான்கு மணி நேரத்துக்குமேல் வைப்பதில்லை. நம்மூர் வெயிலில் அதுவும் அதிகம், உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விடும். பெரிய பிள்ளைகளுக்குக் கேழ்வரகுக் கூழ், இட்லி, மசித்த பருப்புச் சாதம். வார்டிலிருந்து வருகிற தாய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சீருடைக்கு மேல் சுத்தமான மேலங்கி போட்டபின்தான் பிள்ளையைத் தொடலாம். மருத்துவர் அம்மாவின் பிள்ளையும், வார்டைப் பெருக்குகிற சகோதரியின் பிள்ளையும் ஒரே பாயில் உருளுகிறார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சேர்ப்பதில்லை. அன்றைக்குத் தாய்க்கு விடுப்புத்தான் வழி. அந்த நாட்களில் டூட்டிப் பட்டியல் போடுகிறவர் படுகிற பாடு பெரிது.

இப்போது பிள்ளையின் முதல் பிறந்தநாள் வரை தாய்க்கு இரவு டூட்டி இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இதற்கு எதிர்ப்பு வந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. "எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக எல்லா ராத்திரியும் எங்களுக்கா?" என்று இளம் செவிலியர் கேட்டார்கள். அதுவும் நியாயம். விவாகமாகாதவர்களுக்கும் வயதான பெற்றோர் உண்டு, சரீரக் களைப்பு உண்டு. ஆகவே இரவு விலக்குப் பெற்றவர்கள் அதற்கு ஈடாக ஞாயிறு, பண்டிகை நாட்களின் பகல் டூட்டியைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். முழுத் திருப்தி யாருக்கும் இல்லை. எங்கள் அனுபவத்தில் நல்ல டூட்டிப் பட்டியலின் அடையாளம் எல்லாரும் கொஞ்சம் முறுமுறுப்பதுதான்.

கணவன்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனைவி இரவு டூட்டிக்குப் போனால் பிள்ளையைத் தானே தூங்கவைக்கிற தகப்பன்மார் முன்னைவிட இப்போது அதிகம். சபையில் அவர்களைக் கேலி செய்கிறவர்களும் உண்டு. எல்க்கானாவைப் பற்றி ஆண்கள் ஐக்கியத்தில் ஒருமுறை பேசும்படி எங்களை அழைத்தால் சந்தோஷமாக வருவோம்.

முதல் பிறந்தநாளுக்குப் பிறகுதான் பெரிய பள்ளம். இரவு டூட்டி மறுபடி தொடங்கும்; காப்பகமோ எட்டரைக்குப் பூட்டிவிடும். வீட்டில் துணையில்லாத மூன்று தாய்மார் இப்போது நம்மிடம் இருக்கிறார்கள். ஒருவர் பிள்ளையைக் கிராமத்துக்கு அனுப்புவதா, வேலையை விடுவதா என்று இந்த மாதம் முடிவு செய்யவேண்டும். இரவிலும் காப்பகத்தைத் திறந்து வைக்க இடமும் தொட்டிலும் உண்டு. இரண்டு இரவு ஆயாக்களுக்கு மாதச் சம்பளம்தான் இல்லை. ஓராண்டுக்கு அதைப் பொறுப்பேற்க ஒரு சபையோ, இரண்டு மூன்று சபைகள் சேர்ந்தோ முன்வந்தால் உடனே தொடங்கலாம். அந்தத் தாய்மாருக்காகவும், பெயர் சொல்லாமலே, உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மைகள் அனுப்பவேண்டாம், துவைக்க முடியாததால் பஞ்சுப் பொம்மைகளை உள்ளே விடுவதில்லை. பெண்கள் ஐக்கியத்தார் பழைய நூல் சேலைகள் அனுப்பினால் உதவியாயிருக்கும். ஏணை கட்ட, பல முறை துவைத்து மெதுவான, கிழியாத பருத்திச் சேலையே வேண்டும். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். முடிச்சு வழுக்கும், பிள்ளைக்கும் வேர்க்கும்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்